நான்காம் மாடிக்குப் போகாதவர்

மேஜைமேல் இருந்த போன் அடித்தது. அடித்த அடியில் தானே அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்து, தொப்பென்று தரையில் விழுந்தது. விழுந்த பிறகும் விடாமல் அடித்தது.

எடுத்துப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும், பத்திரிகை ஆபீஸ்தான் என்று. அதனால் அவசரப்படவில்லை. கையில் இருந்த சட்டையை நன்றாகப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டு, கிளிப்பும் மாட்டிவிட்டுத்தான் வந்து எடுத்தாள்.

"முடிச்சு, ரெண்டு விடை வருதாம்மா" என்றார் ஆசிரியர். வணக்கம் கூடச் சொல்லவில்லை.

முடிச்சு என்பது அவளுடைய புனைபெயர். வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் 'மூளைக்கு வேலை' என்று ஒரு கட்டம் வருமே, அதில் புதிர் போடுகிறவள் அவள்தான். யார் எந்த வீட்டில் குடியிருக்கிறார், யார் நாய் வளர்க்கிறார், யாருடைய குடை காணாமல் போனது என்று குறிப்புகளைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும் புதிர்கள். பல வருடமாகப் போட்டுப் போட்டு, பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்துவிடும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

காலையிலிருந்து வாசகர்கள் ஆபீஸுக்கு ஓயாமல் போன் செய்கிறார்களாம், ஒருவர் ரிசீவரை வைத்தால் அடுத்தவர் கூப்பிடுகிறாராம். இந்த வாரப் புதிரில் குடை யாருடையது என்ற கேள்விக்கு, கடிகாரம் ரிப்பேர் செய்கிறவருடையது என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். நர்ஸுடையது என்று மீதிப் பேர். ஆசிரியரே உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டார். இரண்டும் சரியாகவே வருகிறது. பரிசாக அறிவித்த சூட்கேஸை இரண்டு கட்சியும் இரண்டு பக்கம் பிடித்து இழுக்கின்றன. ஒரு வாசகரும் அவர் மனைவியும் காலைச் சாப்பாட்டிலிருந்து பேசிக்கொள்வதில்லையாம். ஆசிரியர்தான் வந்து சமாதானம் செய்து வைக்க வேண்டுமாம்.

"அப்படியா சார்?" என்றாள் அவள்.

குரலில் அதிர்ச்சி அளவாக, அழகாக வந்திருந்தது. அவளுக்கே ஆச்சரியம். ஏனென்றால் அந்த இரண்டாவது விடை அவளுக்குப் புதிதல்ல. அதை உள்ளே குடிவைத்தவளே அவள்தான்.

மத்தியானம் கணவரையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு ஆசிரியர் போனை வைத்தார். அதைத்தான் அவளும் எதிர்பார்த்திருந்தாள்.

*

அவள் கணவருக்குக் கண்ணாடிக் கடை. முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். பகலெல்லாம் லென்ஸ் தேய்ப்பார், பிரேமில் பொருத்துவார், கோணலான மூக்குகளுக்கு ஏற்றபடி கம்பியை வளைப்பார். வீட்டுக்கு வந்ததும் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. சம்பளம் பெரிதாக இல்லாத, ஆனால் அவர் உயிரை விடுகிற வேலை.

புதிர் போடுகிறவளால் தன் புதிரைத் தானே சோதிக்க முடியாது. விடை தெரிந்த மனசு குறுக்கு வழியிலேயே ஓடும். தன்னைத்தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததைப் போலத்தான். ஆகவே விடை தெரியாத ஒருவர் முதலில் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும். அவருக்குச் சரிபார்ப்பவர் என்று பெயர். புதிர்த் தாளின் கீழே போட்டவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து இரண்டும் இருந்தால் ஆசிரியர் கேள்வி கேட்காமல் அச்சுக்கு அனுப்பிவிடுவார். பிறகு பிழை வந்தால் தலை உருளுவது சரிபார்த்தவருடையதுதான். அது அந்த ஆபீஸின் சட்டம்.

ஆரம்பத்திலிருந்து அவளுக்குச் சரிபார்த்தவர் அவர் ஒருவர்தான். அடுத்த வீட்டுக்காரர் தன் மனைவிக்குப் புடவை வாங்கித் தந்தார், மாடி வீட்டுக்காரர் மோதிரம் வாங்கித் தந்தார். இவர் வாரா வாரம் அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதித் தந்தார். அவள் அதிலேயே குளிர்ந்து போயிருந்தாள்.

மின்மினி வரும் வரைக்கும்.

மின்மினியும் புனைபெயர்தான். கண்ணாடிக் கடைக்கு நேரெதிரே இருந்த பல் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிற பெண். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் புதிர் போட்டு அனுப்பியிருக்கிறாள். ஆசிரியருக்குப் பிடித்துப்போய் நடுப்பக்கத்தைக் கொடுத்துவிட்டார். அவளுக்கும் ஒரு சரிபார்ப்பவர் வேண்டுமே? நீங்களே பார்த்துவிடுங்களேன் என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டார். அவர் சரி சார் என்றார். பக்கத்தில் ஒரு மனைவி நிற்கிறாளே, அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று கூடத் தோன்றவில்லை அந்த மனிதருக்கு.

அன்றைக்குப் பிடித்தது சனி.

அவளுடைய புதிரை அவர் எப்படிப் போடுவார்? ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். வாயில் எதையாவது மென்றுகொண்டிருப்பார். பேனாவால் விறுவிறுவென்று எழுதிக்கொண்டே போவார். நடுவில், "குழாய்க்காரருக்கு வெள்ளைப் பூனையா? நல்லாதான் ஜோடி சேக்கற" என்று கிண்டல் வேறு. காப்பி ஆறுவதற்குள் கையெழுத்து விழுந்துவிடும்.

மின்மினியின் புதிர் என்றால் ரேடியோ அணையும். கதவு ஒருக்களித்துச் சாத்திக்கொள்ளும். பேனா ஒதுங்கிப் பென்சில் வரும், கூடவே ரப்பர் வரும். எழுதுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார், நெற்றியைத் தேய்ப்பார். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டால் உம் என்று ஒரு சத்தம் வரும், ஆள் வரமாட்டார். மறுநாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தால் பாக்கெட் நிறைய ரப்பர் தூள். மற்ற பெண்கள் கணவன் சட்டையில் எதையெதையோ தேடுவார்களாம். இவள் ரப்பர் தூளைக் கையில் கொட்டி வைத்துக்கொண்டு அழுதாள்.

இந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தாள். கண்ணாடிக்காரரின் தங்கை. நெருப்பு எங்கே என்று தேடிக்கொண்டு கையில் விசிறியோடு அலைகிற ரகம். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"அண்ணனுக்குப் பல்லு வலின்னு நீங்க சொல்லவே இல்லையே அண்ணி?"

பல் வலியா, அவருக்கா என்று இவள் கேட்டாள்.

"பின்ன, தினமும் மத்தியானம் பல் ஆஸ்பத்திரியில என்ன வேலை? நான் அந்தப் பக்கமா ரெண்டு தடவை போனேன். ரெண்டு தடவையும் அந்த மேஜைப் பொண்ணு பக்கத்துல குனிஞ்சு நின்னுக்கிட்டிருந்தாரு. பல்லு வலிக்கிற ஆளு மாதிரி தெரியல. எல்லாப் பல்லும் வெளியில தெரியுது."

புதிரில் திருத்தம் சொல்லப் போயிருப்பார் என்று வாய் சொன்னது. வயிறு சொல்லவில்லை. அந்தப் பெண் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள் என்றும் நாத்தனார் போகிற போக்கில் சொல்லிவைத்தாள். அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

அன்றிரவு அவள் தூங்காமல் குறிப்புகளை அடுக்கினாள். அது அவள் தொழில் அல்லவா? சாத்திய கதவு. பென்சில். ஆறிப்போன சாப்பாடு. பல் கிளினிக். வெளியே தெரிந்த பற்கள். எல்லாக் குறிப்பும் ஒன்றோடொன்று இடிக்காமல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. ஒரு விடை வந்தது. வந்த விடையோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து யோசித்ததெல்லாம், அவரை அந்த மேஜைப் பக்கத்திலிருந்து எப்படிக் கிளப்புவது என்பதுதான். போகாதீர்கள் என்று சொல்லலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் அவள் சின்ன மனுஷி ஆகிவிடுவாள். அதைவிட, அவர் கையெழுத்துப் போட்ட புதிர் ஒன்று பிழையாக அச்சாகிவிட்டால்? சட்டப்படி அவர் சரிபார்க்கும் வேலை போய்விடும். மின்மினிக்கு வேறு யாரையாவது பிடித்துக் கொடுப்பார்கள். கண்ணாடிக்காரர் மத்தியானத்தில் ஒழுங்காக வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்.

இப்படித்தான் இந்த வாரப் புதிரின் ஐந்து தளக் கட்டடம் முளைத்தது.

கட்டடத்தில் ஐந்து பேர், ஆளுக்கு ஒரு தளம். நாய் வளர்ப்பவர் இரண்டாம் மாடியிலா, நான்காம் மாடியிலா என்ற இடத்தில் வழி இரண்டாகப் பிரியும். இப்படிப் பிரிவது அவள் புதிர்களில் வழக்கம்தான். ஒரு வழி போய்ச் சேரும். மற்றது நாலடி நடந்து ஏதோ ஒரு குறிப்பில் முட்டிக்கொண்டு நிற்கும். முட்டுவதற்காகவே அவள் அங்கே ஒரு சுவர் எழுப்பி வைத்திருப்பாள். இந்த முறை எழுப்பவில்லை. இரண்டாம் மாடியில் நாயை விட்டால் குடை கடிகாரக்காரருடையது. நான்காம் மாடியில் விட்டால் நர்ஸுடையது. இரண்டுமே தங்குதடையில்லாத ராஜபாட்டை.

சரிபார்க்கச் சொல்லித் தாளை அவரிடம் கொடுத்தாள். அதற்குள் மனசுக்குள் இன்னொரு ஆசை வேறு முளைத்திருந்தது. அவர் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற ஆசை. என்ன முடிச்சு, உனக்கு என்ன ஆச்சு, ரெண்டு வருதே என்று அவர் பேனாவை நீட்டிக்கொண்டு வந்து நின்றால் போதும். தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள். மின்மினி, பல், ரப்பர் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவாள்.

ரேடியோ பாடியது. அவர் எதையோ மென்றார். பேனா ஓடியது. காப்பியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது, கையெழுத்து விழுந்துவிட்டது.

நல்லா பாத்தீங்களா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டாள். பார்த்தாயிற்று, குடை கடிகாரக்காரருடையது, நாய்க்கு என்ன பெயர் வைக்கப்போகிறாய் என்று சிரித்தார் அவர். மின்மினியின் தாளை எடுத்துக்கொண்டு, பென்சிலைத் தேடியபடி அறைக்குள் போனார். கதவு ஒருக்களித்துக்கொண்டது.

அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே அவள் உறையை ஒட்டினாள்.

*

ஆபீஸ் சுவரெல்லாம் பழைய அட்டைப்படங்கள். ஆசிரியர் மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலி. மூன்றாவதில் மின்மினி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரப் புதிரைக் கொடுக்க வந்தவளாம். கிளினிக் சீருடையோடு, கிராம்புத் தைல வாசனையோடு வந்திருந்தாள். பெரிய அழகி என்று சொல்ல முடியாது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அழகி என்றால் அதன் தலையில் பழியைப் போட்டுவிடலாம்.

ஆசிரியர் தாளைக் கண்ணாடிக்காரர் முன்னால் தள்ளினார். அவர் கடையில் மாட்டியபடியே வந்து நெற்றியில் ஏற்றிவைத்திருந்த பூதக்கண்ணாடியை இறக்காமலே குனிந்து படித்தார். நான்காம் மாடி வழியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனார். விரல் எங்கேயும் நிற்கவில்லை. கடைசியில் நர்ஸின் மேல் போய் நின்றது. அவர் முகம் மெல்ல வெளுத்தது. வாடிக்கையாளருக்குத் தவறான பவரில் கண்ணாடி கொடுத்து அனுப்பிவிட்ட அன்றைக்கு அவர் முகம் அப்படி இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

இது எப்படித் தப்பியது என்று ஆசிரியர் கேட்டார்.

"தப்பு என்னோடதுதான் சார். முடிச்சு மேல ஒண்ணும் இல்ல."

ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் அப்படியே தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆசிரியருக்கும் மனசு கஷ்டம்தான். ஆனாலும் சட்டம் சட்டம். சூட்கேஸை ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக் கொடுத்துவிடுவதாகவும், அடுத்த இதழில் வருத்தம் தெரிவிப்பதாகவும் சொன்னார். சரிபார்க்கும் வேலைக்கு இனிமேல் வேறு ஆள், இரண்டு பக்கத்துக்கும்தான் என்றும் சொன்னார். முடிச்சு வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைத் தொடரலாம்.

நினைத்தது நினைத்தபடி, ஒரு நூல் பிசகாமல் நடந்துவிட்டது. வயிற்றெரிச்சல் அடங்கியிருக்க வேண்டும். அடங்கத்தான் போனது. அதற்குள் மின்மினி வாயைத் திறந்தாள்.

"அண்ணன் கண்ணுக்கா இது தப்பிச்சுது? என்னால நம்பவே முடியல சார். என்னோட புதிர் ஒண்ணொண்ணையும் எத்தனை தடவை திருப்பிக் குடுத்திருக்காரு தெரியுமா? எந்த வழியா இருந்தாலும் முட்டுற வரைக்கும் போய்ப் பாக்காம விடமாட்டாரு. நீ சரின்னு சொன்னா நான் நம்பணுமான்னு கேப்பாரு."

சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. முடிச்சுக்கு அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி இருந்தது. எந்த வழியாக இருந்தாலும் முட்டுகிற வரைக்கும்! ஊர்பேர் தெரியாதவளுக்கு ஒவ்வொரு சந்தாக நுழைந்து பார்க்கக் கால் வலிக்கவில்லை. கட்டிய மனைவிக்கு ஒரு மாடி ஏற முடியவில்லை. வேலை போனால் போகட்டும், நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

*

இருவரும் நேரே கடைக்கு வந்தார்கள். கடை ஷட்டரைத் தூக்கினார். விளக்கைப் போட்டார். யாருடையதோ ஒரு பிரேமை எடுத்து, கழன்ற திருகாணியை இடுக்கியால் பிடித்து முடுக்கப் பார்த்தார். திருகாணி துளைக்குள் போகாமல் இரண்டு முறை கீழே விழுந்தது. அவர் கையிலிருந்து திருகாணி விழுந்து அவள் பார்த்ததில்லை.

எதிர்ச் சுவரில் கண் சோதிக்கும் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகப் பொடி எழுத்து. அவள் அதையே வெறித்துக்கொண்டு நின்றாள். வாரம் முழுக்க இவர் எதற்காகக் காத்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியாதா? லென்ஸ் தேய்க்கிற எந்திரத்தின் கரகரப்புக்கு நடுவே, இந்த வாரம் யார் எந்த வீட்டில் இருக்கப்போகிறார்களோ என்று நினைத்துச் சிரித்துக்கொள்வேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். இனி அந்த நினைப்பும் இல்லை. பாவம் என்று ஒரு மனசு இறங்கியது. ஒருக்களித்த கதவு ஞாபகம் வந்ததும் இறங்கிய மனசு ஏறிக்கொண்டது.

கைப்பையிலிருந்து அந்த வாரப் பத்திரிகையை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் கவுண்டர்மேல் வைத்தாள்.

"என் முன்னாடி இன்னொரு தடவை போடுங்க. அன்னிக்கு எப்படிப் போட்டீங்களோ அப்படியே."

இனிமேல் எதற்கு என்று கேட்டார். கேட்டாலும் போட்டார். பாக்கெட்டிலிருந்து பேனாவைத்தான் எடுத்தார். கீழ்த்தளத்தில் குழாய்க்காரர். முதல் மாடியில் பூனை. நாய் இரண்டாம் மாடியிலா, நான்காம் மாடியிலா? இரண்டு என்று எழுதினார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு குறிப்பும் வரிசையாக வந்து உட்கார்ந்தது. குடை கடிகாரக்காரருடையது. பேனாவை மூடினார்.

"நாலாம் மாடிக்கு ஏன் போகல?" என்றாள்.

கேள்வி அவருக்குப் புரியவே இல்லை. இரண்டாம் மாடியிலேயே சரியாக வந்துவிட்டதே என்றார்.

"அவளோடதா இருந்தா போயிருப்பீங்க."

"போயிருப்பேன்" என்றார் அவர். மறைக்கவும் தெரியவில்லை, மழுப்பவும் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் புதிரில் எந்த வழி எங்கே முட்டும் என்பது அவளுக்கே தெரியாதாம். எல்லாச் சந்திலும் ஆள் நுழைந்து பார்த்தால்தான் உண்டாம். ஒரு தாளை முடிப்பதற்குள் தலைவலி வந்துவிடுமாம். ரேடியோ பாடினால் விட்ட இடம் மறந்துபோகுமாம். மத்தியானத்தில் போய்ப் பிழையைக் காட்டினால், ஐயோ இதுவுமா என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாளாம், அதைப் பார்த்தால் சிரிப்பு வருமாம்.

இதையெல்லாம் அவர் திருகாணியைத் தேடிக்கொண்டே சொன்னார். அவள் அடுக்கிவைத்த அதே குறிப்புகள். கதவு, பென்சில், பல் கிளினிக், சிரிப்பு. ஒன்றுகூட இடிக்காமல் வேறொரு வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தன.

"அப்போ என்னோடதுல மட்டும் ஏன் தேடல?" என்று கேட்டாள்.

கண்ணாடிக்காரர் நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல் அவளைப் பார்த்தார்.

"உன் புதிர்ல ஒரு வழி போய்ச் சேந்துட்டா மத்தது முட்டத்தான் செய்யும், நீ போட்டதுங்கறதையும் ஒரு குறிப்பாத்தானே நான் இத்தனை வருஷமா எடுத்துக்கிட்டிருக்கேன்."